காலியாக இருக்க வேண்டிய குழி

பிரிக்ஃபீல்ட்ஸ்
6.2.2022

அன்புள்ள ஷாமினிக்கு,

பக்கிரிசாமி மாமா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை லோகனும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

போன வாரம் போனில் கேட்டாய்: "என் பிரசவத்துக்கு அம்மா ஏன் மாமா வரல? கேட்டா, ஒங்க மாமாவக் கேளுங்கிறாங்க." மழை பெய்கிறது, துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மழை பெய்யவில்லை.

அம்மாவுக்குக் காது மந்தமான பிறகு நாங்கள் இருவரும் தபாலில்தான் பேசிக்கொள்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அவள் கடிதங்களையும், நான் எழுதியவற்றின் கார்பன் நகல்களையும் தேதி வரிசையில் அடுக்கி இத்துடன் வைக்கிறேன். அவற்றில் வருவது சுருக்கமாக:

1. உன் அப்பாவின் பரிசோதனை மாதிரியை நான் வரிசை தாண்டி எடுத்தேன்.
2. அதை வைக்கக் கூடாத குழியில் வைத்தேன்.
3. அந்த முடிவு தவறு என்று தெரிந்ததும் காலம் தாழ்த்தாமல் அம்மாவிடம் சொன்னேன்.
4. அம்மா வராததற்குக் காரணம் உன்மேல் கோபம் அல்ல.

இதை நினைவிலிருந்து எழுதுகிறேன். கடிதங்களை இனிமேல்தான் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்துப் பார்த்து அடுக்க வேண்டும். பிழை இருந்தால் கடைசியில் திருத்துகிறேன்.

மாமா

•

மேரு, கிள்ளான்
5.6.2021

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று எண்ணிலேயே எழுதவும். "பரவாயில்லை" என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆள் பற்றவில்லை என்று ஓய்வு பெற்றவர்களைக் கோவிட் பரிசோதனை லாப்புக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்களாம், நீங்களும் போகிறீர்களாம். ஷாமினி சொன்னாள். அறுபத்தெட்டு வயதில் இது தேவையா? உங்கள் மச்சான் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பக்கத்து ஆளிடம் உங்களைப் பற்றி ஒரே பெருமை. வீட்டுக்கு வந்தால் மட்டும் கிண்டல். "ஒங்கண்ணன் மாடிப்படியையே ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் ஏறுவாரு. அவருகிட்டப் போயி வைரஸ எண்ணச் சொன்னா அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும் லா" என்கிறார்.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். லோரி ஓட்டிய காலத்தில் கூட மனுஷர் இவ்வளவு ஒழுங்காக நேரத்துக்குப் போனதில்லை. ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கிவிடுகிறது, மூச்சு முட்டுகிறது.

ஷாமினிக்கு ஆறு மாதம். இந்த ஊரடங்கில் அவள் இருக்கும் டெங்கிலுக்குப் போக விடமாட்டார்கள். பிரசவத்துக்குள் தடையை எடுத்துவிடுவார்கள் அல்லவா? பத்தியச் சாமான்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாரியாயி மகளுக்கு 13ஆம் தேதி நிச்சயம். பத்துப் பேர்தான், சத்தமில்லாமல். "போவாதே"ங்கிறார் இவர். இத்தனை வருஷப் பழக்கம், பத்து நிமிடம் தலையைக் காட்டாவிட்டால் எப்படி?

உங்கள் தங்கை
சீதாலெட்சுமி

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
11.6.2021

அன்புத் தங்கை சீதாலெட்சுமிக்கு,

நலம். சர்க்கரை 7.8. காலையில் சாப்பாட்டுக்கு முன் எடுத்தது.

மச்சானிடம் சொல், வைரஸை நாங்கள் எண்ணுவதில்லை. எண்ணுவது குழிகளைத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளேட், அதில் தொண்ணூற்றாறு குழிகள். தொண்ணூற்று மூன்றில் ஆட்களின் மாதிரி. ஒன்றில் வெறும் தண்ணீர். அதற்குத் திரையில் கோடு எழும்பக் கூடாது. ஒன்றில் வைரஸின் மரபுக்கூறை நாங்களே வேண்டுமென்று வைக்கிறோம். அதில் கோடு எழும்பியே ஆக வேண்டும். அப்போதுதான் இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம்.

மிச்சம் ஒரு குழி. வைரஸ் வைத்த குழிக்குப் பக்கத்தில் இருப்பது. அதைக் காலியாக விடுவது எங்கள் லாப்பின் வழக்கம். மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி தெறித்தாலும், பக்கத்துக் குழியில் இருப்பவருக்கு இல்லாத நோயை இருப்பதாக எழுதிவிடுவோம். அதனால் அங்கே யாரையும் வைப்பதில்லை. முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இந்த வழக்கம் பிடித்திருந்தது.

நிச்சயத்துக்குப் போகாதே. மச்சான் சொல்வதுதான் சரி.

அன்புடன்
பக்கிரிசாமி

•

மேரு
4.7.2021

அண்ணனுக்கு,

ஷாமினி போனில் சொன்னதைத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். என் கையால் ஒரு முறை எழுத வேண்டும் என்று இருக்கிறது.

20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல். திங்கள் காலை கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, உங்கள் லாப்புக்குத்தான் அனுப்புவதாகச் சொன்னார்கள். அங்கிருந்து நேரே டயாலிசிஸ் சென்டருக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "ரிசல்ட் இல்லாம உள்ள விட முடியாது ஆன்டி, மத்த பேஷண்டுங்க இருக்காங்க." ரிசல்ட் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். கால் அதற்குள் வீங்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் ஷாமினியை விட்டு உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே பார்த்துச் சொல்லிவிட்டீர்கள். எத்தனை பேர் காத்திருக்க நம்முடையதை முன்னே எடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

பாசிட்டிவ் என்றதும் சென்டரில் சேர்க்கவே முடியாது என்றுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது, "கதவச் சாத்து, பூனை உள்ள வந்துரும்" என்றார். அங்கே கோவிட் வார்டில் டயாலிசிஸ் மிஷினுக்கு வரிசையாம். வெள்ளிக்கிழமை வரை கிடைக்கவில்லை. சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. பையில் கட்டி நேரே எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். முகம் பார்க்கவில்லை. ஷாமினி போனில் காட்டினாள். ஒரு வெள்ளைப் பை தெரிந்தது. அவர்தான் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

அண்ணே, 13ஆம் தேதி நான் மாரியாயி வீட்டுக்குப் போனேன். பத்து நிமிடம்தான். மாஸ்க்கை இறக்கி ஒரு லட்டு தின்றேன். நீங்களும் போகாதே என்றீர்கள், அவரும் போகாதே என்றார். அவர் வீட்டையும் சென்டரையும் தவிர எங்கும் போகவில்லை. நான்தான் கொண்டுவந்தேன்.

சீதா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
15.7.2021

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கருமாதிக்கும் வர முடியவில்லை. போலீஸ் நிலையத்தில் அனுமதி கேட்டேன், கொடுக்கவில்லை.

எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். தயவு செய்து வேண்டாம்.

உனக்கு எடுத்த பரிசோதனை நெகட்டிவ். ஆகையால் நீ கொண்டுவந்திருப்பாய் என்று சொல்ல ஆதாரமில்லை. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை.

நடுவில் ஒரு பத்தியை எழுதி அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள். சர்க்கரை 9.1.

பக்கிரிசாமி

•

மேரு
24.7.2021

அண்ணனுக்கு,

மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். ஒன்பது அதிகம்.

என் நெகட்டிவைப் பற்றி கிளினிக் நர்ஸிடம் கேட்டேன். "ஆன்டிக்கு லேசா வந்துட்டுப் போயிருக்கலாம், டெஸ்ட் எடுத்தப்ப இல்லாம போயிருக்கலாம்" என்றாள். அப்படியென்றால் வந்து போவது திரும்பவும் வராதா? எனக்குத் தெரியவில்லை. சாப்பிடும் தட்டைத் தனியாக வைத்துவிட்டேன். தம்ளரும் தனி. மாரியாயி வேலிக்கு மேலே குழம்பு நீட்டினாள். "வச்சிட்டுப் போ, கிட்ட வராதே"ன்னேன். "என்னக்கா, நான் என்ன பேயா?" என்றாள். பேய் அவள் இல்லை.

ஷாமினி பிரசவத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்குக் கொடுத்ததை அவள் பிள்ளைக்கும் கொடுக்கவா?

ஒன்று கேட்கிறேன், பதில் வேண்டும். லாப்பில் தப்பு நடக்குமா? அவருக்கு அது இல்லவே இல்லை என்றால் நான் கொண்டுவரவும் இல்லை. வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டேன். நீங்கள் சொன்னால் நம்புவேன்.

சீதா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
9.8.2021

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டது நியாயமான கேள்வி. தப்பு நடக்கும். அரிதாக நடக்கும். மச்சானுக்கு நடந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் மாதிரியின் மீதி, உறைபெட்டியில் நான்கு மாதம் வரை இருக்கும். அதை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு எட்டு பிளேட் ஓடுகிறது, இடம் கிடைப்பது கஷ்டம். உறுதியானதும் எழுதுகிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. திரையில் கோடுகள் எழும்ப ஆரம்பித்ததும் எல்லோருடையதையும் விட்டுவிட்டுக் காலிக் குழியின் கோட்டைத்தான் முதலில் தேடுகிறேன். அது தட்டையாகக் கிடக்கிறது. தட்டையாகத்தான் கிடக்க வேண்டும், அங்கே யாரும் இல்லை. இருந்தும் கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று, "என்ன மச்சான், எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்பதுபோல் இருக்கிறது. நான் திரும்புவதில்லை. அந்த உடுப்பும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சட்டென்று திரும்பவும் முடியாது.

ஷாமினியிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

பக்கிரிசாமி

•

மேரு
30.8.2021

அண்ணனுக்கு,

24ஆம் தேதி ஷாமினிக்குப் பெண் குழந்தை. சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னே பிறந்துவிட்டது. இரண்டரைக் கிலோ. இருவரும் சுகம்.

நான் போகவில்லை. லோகன் போலீஸ் கடிதமெல்லாம் வாங்கிக்கொண்டு காரோடு வந்து நின்றான். "அத்த, ஏறுங்க. ஒங்க மக அங்க அழுதுக்கிட்டு இருக்கா" என்றான். பத்தியச் சாமான்களை டெட்டால் போட்டுத் துடைத்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, தள்ளி நின்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெருங்காயம் எது, ஓமம் எது என்று எல்லாவற்றிலும் எழுதி ஒட்டியிருந்தேன். அவனுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது.

சாயங்காலம் ஷாமினி போனில் முகம் காட்டினாள். குழந்தைக்கு அவர் நெற்றி. "ஒனக்கு எம்மேல என்னம்மா கோவம்?" என்று கத்திக் கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டிவிட்டேன். இந்தச் செவிட்டுக் காது அன்றைக்குத்தான் எனக்கு உதவியது.

பார்த்துவிட்டீர்களா அண்ணே? நீளமாக எழுத வேண்டாம். அவருக்கு இருந்ததா, இல்லையா? ஒரு சொல் போதும்.

சீதா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
19.9.2021

சீதாலெட்சுமிக்கு,

இல்லை.

ஒரு சொல் போதும் என்றாய். ஆனால் மீதியையும் எழுதாவிட்டால் அது இன்னொரு தப்பாகும்.

ஷாமினி போன் செய்த திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பிளேட் தயாராக இருந்தது. தொண்ணூற்று மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். அடுத்த பிளேட்டில் வைத்தால் மறுநாள் மதியம்தான் முடிவு வரும். மச்சானின் குழாய் என் கையில் இருந்தது. காலியாக ஒரே ஒரு குழிதான் இருந்தது. நாற்பது வருஷ வேலையில் நான் ஒரு வழக்கத்தையும் மீறியவன் இல்லை. அன்று மீறினேன். கை நடுங்காமல் செய்தால் ஒன்றும் தெறிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடு மிகவும் தாமதமாக, இயந்திரம் ஓடும் நாற்பது சுற்றில் முப்பத்தாறாவதில்தான் எழும்பியது. அப்படித் தாமதமாக வந்தால் மறுபடி ஓட்ட வேண்டும். ஓட்டினால் ஒரு நாள் போய்விடும். நீ காத்திருந்தாய். பாசிட்டிவ் என்று கையெழுத்துப் போட்டேன்.

மீதி மாதிரியை நேற்று முன்தினம் மறுபடி ஓட்டினேன், வைரஸ் வைத்த குழிக்கு வெகு தூரத்தில். கோடு எழும்பவே இல்லை. மாதிரி கெட்டுப்போகவும் இல்லை; அவருடைய சொந்த மரபுக்கூறின் கோடு சரியாக எழும்பியது. திரையில் மச்சான் இருந்தார், நோய் இல்லை.

அவருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். அன்றைக்கே நெகட்டிவ் என்று சொல்லியிருந்தால் சென்டரில் சேர்த்திருப்பார்கள். நீ எதையும் கொண்டுவரவில்லை. லட்டிலும் ஒன்றுமில்லை, மாரியாயி வீட்டிலும் ஒன்றுமில்லை.

லாப் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன்.

உன் உடம்பைப் பற்றிக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பக்கிரிசாமி

•

மேரு
8.10.2021

அண்ணனுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் தனியாக வைத்திருந்த தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு கழுவி வைத்தேன். நேற்று டெங்கில் போய் வந்தேன். குழந்தைக்கு நாற்பத்து நாலு நாள். தூக்கினேன். புது ஆள் என்று அழுதாள். ஷாமினி, "இப்பவாச்சும் வந்தியே"ன்னாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்வேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குழியில் வைத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சீக்கிரம் பாருங்கள் என்று சொன்னவள் நான். உங்களைத் திட்டினால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். அவர் இருந்திருந்தால், "அவசரப்படாத மனுஷனப் போட்டு அவசரப்படுத்திட்டே"ன்னு எனக்குத்தான் விழுந்திருக்கும்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அது அவருக்கு இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? பிரசவத்துக்கு முன்னேயா, பின்னேயா? பின்னே என்றால் தேதியை மட்டும் எழுதுங்கள். நான் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவேன். முன்னே என்றால் எனக்கு எழுதவே வேண்டாம், இனி எப்போதும்.

சீதா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
16.10.2021

அன்புத் தங்கைக்கு,

17.9.2021, வெள்ளிக்கிழமை.

பக்கிரிசாமி

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
9.2.2022

அன்புள்ள ஷாமினிக்கு,

மாமாதான். அடுக்கி முடிக்க மூன்று நாள் ஆகிவிட்டது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

தீபாவளிக்கு அம்மா முறுக்கு அனுப்பினாள். பொங்கலுக்கு நேரில் வந்து இரண்டு மணி நேரம் இருந்தாள். நான் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். போகும்போது, "அண்ணே, மெலிஞ்சிட்டீங்க லா, வந்து எங்களோட ரெண்டு நாள் இருங்க" என்றாள். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுது அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருகிறது.

9.8.2021 தேதியிட்ட நகலோடு ஒரு காகிதம் ஊசியால் குத்தியிருந்தது. இயந்திரம் அச்சடித்துத் தரும் தாள். மேலே உன் அப்பாவின் எண், என் கையெழுத்து. வைரஸின் கோடு தட்டை. தேதி 5.8.2021.

நான் இதை மறந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மறக்கவில்லை. ஆனால் நினைவிலும் இல்லை. எப்படி என்று விளக்கப் பார்க்கிறேன். அன்று கோடு எழும்பாததைப் பார்த்ததும், மாதிரி பலவீனமாகி இருக்கலாம், நான் கலந்தது சரியில்லாமல் இருக்கலாம், ஒரு முறை பார்த்தது முடிவாகாது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு விதி லாப்பில் கிடையாது. உன் அப்பாவுக்கு நோய் உண்டு என்று கையெழுத்துப் போட எனக்கு ஒரு முறை பார்த்ததே போதுமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மட்டும் இரண்டு முறை தேவைப்பட்டது. இரண்டாவது முறை ஓட்ட மீதி இருந்தது, இடமும் இருந்தது. எட்டு பிளேட் என்று எழுதியது உண்மைதான். ஆனால் உறைபெட்டிக்குப் போவதற்குப் பதினைந்து அடிதான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று விட்டேன். அப்புறம் செப்டம்பர் 17தான் தெரிந்த நாள் என்று எனக்குள் பதிந்துவிட்டது. அம்மா தேதி கேட்டபோது அதை எழுதினேன். எழுதும்போது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தின் நகலையும் அந்த அச்சுத் தாளையும் இதே தபாலில் அம்மாவுக்குப் போடுகிறேன். முன்னே என்றால் எழுதவே வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இது அவளுக்கு நான் எழுதும் கடைசி என்று தெரிந்தே எழுதுகிறேன். அவள் முறுக்கு அனுப்பியதும், வந்து உட்கார்ந்ததும், கூப்பிட்டதும் வேறொரு தேதியை நம்பித்தான். அதை நான் வைத்துக்கொள்ள முடியாது.

முதல் பக்கத்தில் எழுதிய நான்கில், ஒன்றும் இரண்டும் நான்கும் சரி. கடிதங்களோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தவறு, ஷாமினி. எனக்குத் தெரிந்த நாளுக்கும் நான் சொன்ன நாளுக்கும் நடுவில் நாற்பத்தைந்து நாள். அதில் பத்தொன்பதாவது நாள் உன் மகள் பிறந்தாள்.

பக்கிரிசாமி மாமா